நீலகிரிக்கும் தேசிய மருத்துவ ஆய்வு வலையமைப்புக்கும் என்ன தொடர்பு?

நீலகிரி போன்ற சிறிய மாவட்டத்தை தேசிய ஆய்வு வலையமைப்பில் ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் ஒன்றே போதுமான பதில். இந்தியாவில் அது முதன்முதலில் பதிவானதே 1952-இல், இந்த மலை மக்களிடம்தான். ஆனால் ஒரு மருந்து பலன் தருகிறதா என்று சொல்ல, நீலகிரியின் கூடலூர் நோயாளிகள் மட்டும் போதமாட்டார்கள். ஒடிசா, மகாராஷ்டிரம், குஜராத் மருத்துவமனைகளும் ஒரே திட்டம், ஒரே படிவம், ஒரே அளவுகோல் என்று நடந்தால்தான் கணக்கு நிற்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இன்டென்ட்’ என்ற மருத்துவச் சோதனை வலையமைப்பு இப்படிப் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஆய்வு நடத்துவதற்காக வந்ததுதான்.

மருந்துச் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். அது கணினி வேலை, முடிந்துவிடும். சிக்கல் சம்மதப் படிவத்தில். பனியர் பழங்குடி மூதாட்டியிடம் தமிழில் பத்துப் பக்கம் நீட்டினால், அவர் வீட்டில் பேசும் மொழியே வேறு. எழுத்தறியாதவர் என்றால் நடுநிலைச் சாட்சி உடனிருக்க வேண்டும் என்பது விதி. டாக்டருக்கு மரியாதையாகத் தலையாட்டுவது (நம் ஊரில் எல்லோரும் ஆட்டுவோம்) சம்மதம் ஆகாது. அந்த மொழி பேசும் ஆய்வுச் செவிலியருக்கு நிரந்தரச் சம்பளம் கொடுப்பதுதான் என் முதல் செலவாக இருக்கும்.

அடுத்தது ரத்த மாதிரியைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜும், அதைச் சேமிக்கும் உறைபெட்டியும். இரண்டும் கூடலூரிலேயே வேண்டும். ஜூலையில் மண் சரிந்தால் மாதிரி வைத்த ஐஸ் பெட்டி ஊட்டிக்கு எப்போது போய்ச் சேருமோ!