மலைமீட்பும் கட்டணமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதி பற்றிய கட்டுரையில், மலையில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றும் கெசிக் ஊர் மலைமீட்புக் குழுவினர் சம்பளம் இல்லாமல் நள்ளிரவிலும் மலையேறுகிறார்கள், மீட்கப்பட்டவரிடம் காசு கேட்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். செருப்போடு ஏறி மாட்டிக்கொள்பவனுக்கும் இலவசமா? கட்டணம் வைத்தால் அடுத்தவன் யோசிப்பானே? ஜூனில் மகளைப் பார்க்க அங்கே போகிறேன், அதனால் கேட்கிறேன்.
– ச., கோவை

அன்புள்ள ச.,

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கால் பிசகி உட்கார்ந்திருப்பவரின் இடத்தில் இருந்து பாருங்கள். கட்டணம் உண்டு என்றால் போன் செய்யத் தயங்குவார், எப்படியாவது இறங்கிவிடலாம் என்று பார்ப்பார். பகல் மூன்று மணிக்கு வெளிச்சத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, இரவு பத்து மணிக்கு மழையில், குளிரில் விறைத்துப்போனவரைத் தேடும் வேலையாகிவிடும். அதனால் கட்டணமே வேண்டாம் என்று அந்தக் குழுக்களே சொல்கின்றன.

2021 பிப்ரவரியில், ஊரடங்கு நேரத்தில், அதே பகுதியின் ரெட் ஸ்க்ரீஸ் மலையில் கூடாரம் போட்டிருந்த இருவரில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தது. உதவப் போன பாட்டர்டேல் மலைமீட்புக் குழுத் தொண்டர் ஒருவர் சுமார் 150 மீட்டர் சரிவில் விழுந்து, முதுகுத்தண்டில் பலத்த காயம் பட்டார். கூடாரம் போட்டவர்களுக்குப் போலீஸ் அபராதம் விதித்தது, அது ஊரடங்கை மீறியதற்கு. காப்பாற்றியதற்கு யாரும் பில் நீட்டவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, பணம்? கடலோரக் காவல்படை ஹெலிகாப்டருக்கு அரசு செலவு செய்கிறது. மேகம் இறங்கிவிட்டால் அது கிட்டே வர முடியாது, அப்போது குழுவினர் நடந்துதான் போக வேண்டும். ஸ்ட்ரெச்சரை ஆறு, எட்டுப் பேர் சேர்ந்து பிடித்து, ஈரப்பாறையில் ஒவ்வொரு அடியாக வைத்து இறக்குவார்கள். கை சோர்ந்தால் அடுத்தவர் வந்து பிடிப்பார், அதனால்தான் ஒருவருக்கு அடிபட்டாலும் அத்தனை பேர் வேண்டியிருக்கிறது. இவர்களுடைய கயிறு, மருந்து, வண்டி, டீசல் எல்லாம் பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடுகின்றன. உண்டியலில் விழும் சில்லறை, உயில் எழுதி வைத்துவிட்டுப் போனவர்களின் பணம், உயிர் பிழைத்தவர்கள் அனுப்புவது. அரசு இன்னும் தாராளமாகத் தரலாம் என்பது என் கருத்து. ஆனால் கெசிக் குழு 1947-ல் தொடங்கியதே தொண்டர்களைக் கொண்டுதான். முந்தைய ஆண்டு கிரேட் கேபிள் மலையில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தார். அவரை இறக்கப் போனவர்களில் ரஸ்டி வெஸ்ட்மோர்லண்ட் என்ற மலையேற்றக்காரரும் ஒருவர். இதற்கென்று பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்று உள்ளூர்க்காரர்களைச் சேர்த்தார்.

ஜூனில் மலைக்குப் போனால் டார்ச்சும் விசிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்றால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், அப்புறம் மலைமீட்பு என்று கேட்க வேண்டும். சிக்னல் இல்லையா, நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். யாராவது வரும்வரை நிறுத்தாதீர்கள்.