ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா: ஹோவர்டு மாணவியர் சங்கத்தின் வரலாறு குறித்த கேள்வி பதில்

கேள்வி: இதனைத் தொடங்கியவர்கள் ஒன்பது பேரா, பதினாறு பேரா, இருபது பேரா? ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு கணக்கு இருக்கிறதே, ஐயா?

பதில்: மூன்றும் சரியே. கறுப்பினத்தவர் பெருமளவில் படிக்கும், வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில், 1908 ஜனவரி 15 அன்று, மைனர் ஹாலில் கூடியவர்கள் ஒன்பது பேர். அடிமை முறை ஒழிந்து 43 ஆண்டுகளே ஆகியிருந்த அந்நாளில், கறுப்பினப் பெண்களுக்கென்று கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட சங்கம் எதுவும் இருக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க முன்கை எடுத்தவர், செயிண்ட் லூயிஸிலிருந்து படிக்க வந்த எத்தல் ஹெட்ஜ்மன். அவ்வாண்டிலேயே இரண்டாம் ஆண்டு மாணவியர் ஏழு பேர் சேர, எண்ணிக்கை பதினாறாயிற்று. 1913 ஜனவரி 29 அன்று சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்ய உழைத்தவர்களில் புதியவர்களான நால்வரையும் சேர்த்தால் இருபது. தொடங்கிய நாளையும் பதிவு செய்த நாளையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். இவ்வரலாற்றில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே பிறக்கின்றன.

கேள்வி: கமலா ஹாரிஸ் இருந்த சங்கம் இதுதானா?

பதில்: ஆம். ஹோவர்டில் படித்தபோது 1986இல் சேர்ந்தார்.

கேள்வி: முதல் ஒன்பது பேரில் தாங்கள் மிகவும் மதிப்பவர் யார்?

பதில்: லூசி ஸ்லோ. சங்கத்தின் முதல் தலைவர் அவரே. 1917இல் அமெரிக்க டென்னிஸ் சங்கம் நடத்திய போட்டியில் பட்டம் வென்று, தேசிய விளையாட்டுப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். 1922இல் ஹோவர்டிலேயே மாணவியர் முதல்வராகப் பொறுப்பேற்றார். மாணவியாக இருந்தபோது தோழியருடன் கூடிக் கட்டியெழுப்பிய ஒன்றை, பின்னர் அதே வளாகத்தில் பொறுப்பான பதவியிலிருந்து காணும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கேள்வி: டெல்டா சிக்மா தீட்டா இதிலிருந்து உடைந்து போன பிரிவுதானே?

பதில்: "உடைந்து போன" என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. 1912இல் சங்க உறுப்பினர்களாக வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவியர் 22 பேரும், பெயர், வண்ணம், சின்னம் ஆகியவற்றை மாற்றி, பொதுப் பிரச்சினைகளில் நேரடியாக இறங்க வேண்டுமென்று தீர்மானித்தார்கள். அவ்வாண்டில் பட்டம் பெற்றிருந்த நெல்லி குவாண்டர், தொடங்கியவர்கள் வைத்த பெயர் நிலைக்க வேண்டுமென்று எதிர்த்து நின்றார். 22 பேரும் 1913 ஜனவரி 13 அன்று டெல்டாவைத் தொடங்கினார்கள். குவாண்டரும் அவரைச் சேர்ந்தவர்களும் 16 நாள் கழித்துப் பழைய சங்கத்தைப் பதிவு செய்து காத்தார்கள்.

கேள்வி: அப்படியானால் பெரும்பான்மையே விலகியிருக்கிறது. எஞ்சியவர்கள் எப்படி "மூலச் சங்கம்" ஆவார்கள்? டெல்டாவே உண்மையான வாரிசு.

பதில்: அம்மா, வளாகத்தில் இருந்தவர்களை மட்டும் எண்ணினால் தங்கள் வாதம் நிற்கும். ஆனால் பட்டம் பெற்று வெளியேறியவர்களும் உறுப்பினர்களே என்பதுதான் குவாண்டரின் நிலைப்பாடு. அதை ஏற்றால் வாரிசுரிமை ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவுக்கே. இரண்டு சங்கங்களும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதே என் துணிபு. டெல்டாவின் துணிவையும் குறைத்து எழுதலாகாது: தொடங்கி ஏழு வாரத்திற்குள், மார்ச் 3 அன்று, பெண்களின் வாக்குரிமைக்காக வாஷிங்டனில் நடந்த பேரணியில் அவர்கள் அணிவகுத்தார்கள். கறுப்பினப் பெண்களைக் கடைசியில் நடக்கச் சொன்ன அப்பேரணியில், கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் ஓரத்திலிருந்து வந்து தம் மாநில வரிசையில் கலந்துகொண்டார்.

கேள்வி: டெல்டா 1913இல் பதிவானதால் அதுவே முதல் சங்கம் என்கிறார்களே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா தொடங்கியது 1908, பதிவானது 1913: இரண்டும் வேறு.

கேள்வி: கமலா ஹாரிஸ் சேர்ந்தது டெல்டாவிலா?

பதில்: இல்லை. மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் படிக்கிறாள். எப்படிச் சேர்வது?

பதில்: சேர்க்கை விதிகளை அந்தக் கல்லூரிக் கிளையிடமே கேட்கச் சொல்லுங்கள், இங்கு வரலாறு மட்டும்.

கேள்வி: சங்கத்தின் வண்ணங்களான இளஞ்சிவப்பும் ஆப்பிள் பச்சையும் அணிந்து விழாக் கொண்டாடுவதைத் தவிர, இவர்கள் செய்தது என்ன?

பதில்: 1935 முதல் 1942 வரை கோடைதோறும் நடந்த மிசிசிப்பி சுகாதாரத் திட்டத்தைப் பாருங்கள். மருத்துவர் டாரதி ஃபெரெபியின் தலைமையில் சங்கத்துப் பெண்கள் வாஷிங்டனிலிருந்து தாங்களே கார் ஓட்டிச் சென்றார்கள். பருத்தித் தோட்ட முதலாளிகள் தொழிலாளரை மருத்துவ முகாமுக்கு அனுப்ப மறுத்தபோது, அந்தக் கார்களே நடமாடும் மருத்துவமனைகளாயின. மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தோட்டந்தோட்டமாகப் போய், குழந்தைகளுக்குப் பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பான் நோய்க்கும் தடுப்பூசி போட்டார்கள்.