மின்னஞ்சலில் அனுப்பிய பேட்ச் ஏன் பொருந்துவதில்லை?

சேலத்தில் கல்லூரியில் படிப்பதாகவும், ஒரு மென்பொருள் திட்டத்துக்கு ஜிமெயிலில் ஒட்டி அனுப்பிய பேட்சை (நிரலில் செய்த மாற்றங்களைக் காட்டும் உரை), பொருந்தவில்லை என்று அதை நடத்துபவர்கள் திருப்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நிரல்மீது சந்தேகம் வேண்டாம். ஜிமெயிலின் இணையப் பக்கம் டேப்களை வெற்றிடங்களாக்கிவிடும். 78 எழுத்துகளுக்கு மேல் நீளும் வரிகளை ஏற்காட்டுச் சாலைபோல் மடக்கிவிடும். மாற்றத்தைச் சுற்றியுள்ள வரிகளில் ஒரு டேப் மாறினாலும், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருள் பேட்சை ஏற்காது.

ஒட்டுவதை விடுங்கள். ‘கிட் செண்ட்-ஈமெயில்’ (git send-email) கட்டளை பேட்சைச் சிதைக்காமல் அனுப்பும். உபுண்டு இயங்குதளத்தில் அதைத் தனியே நிறுவ வேண்டும். ஜிமெயிலுக்கு இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கென 16 எழுத்துக் கடவுச்சொல் பெறுங்கள். முதல் நாள் தலைவலி முழுக்க இதில்தான். பிறகு உங்களுக்கே ஒரு பேட்ச் அனுப்பி, மின்னஞ்சலில் வந்த பேட்சை நிரலில் பொருத்தும் ‘கிட் ஏஎம்’ (git am) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்.

திட்டத்தை நடத்துபவர்கள் பெறுநர் முகவரியை அமைக்கும் ஒற்றைவரிக் கட்டளையை ரீட்மீ (README) என்ற அறிமுகக் கோப்பில் எழுதிவைத்தாலே புதியவர்களின் பாதி அலைச்சல் குறையும். ஏனோ பலர் எழுதுவதில்லை.