கட்டாய மனநலச் சிகிச்சையில் நோயாளியின் சொல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தம்பிக்கு இருமுனைக் கோளாறு இருக்கிறது. சென்ற ஆண்டு நோய் தீவிரமாகி, தூக்கமின்றி அக்கம்பக்கத்தாரை அடிக்கப் போன நிலையில், அவன் மறுத்தும் மருத்துவமனையில் சேர்த்தோம். இப்போது தேறி வேலைக்குப் போகிறான். ஆனால், “என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?” என்று இன்றும் கேட்கிறான். மறுபடி அப்படி நேர்ந்தால் அவன் விருப்பத்துக்கு மதிப்பு உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்டு. ஆனால் அந்த விருப்பத்தைக் கேட்டு எழுதி வைக்க வேண்டிய காலம், அவர் நலமாக இருக்கும் இப்போதுதான். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, வயதுவந்த எவரும் தமக்கு எவ்விதச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை ‘முன்கூட்டிய அறிவுறுத்தல்’ என்ற ஆவணமாக எழுதி வைக்க வழி செய்கிறது. தாமே முடிவெடுக்கும் திறன் அவருக்கு இல்லாதபோது மட்டும் அது செயலுக்கு வரும்; திறன் இருக்கும்வரை அவர் வாய்ச்சொல்லே போதும். எழுதியதை அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

எந்த மருந்து தம்மை மந்தமாக்கியது, எது கைகொடுத்தது, சேர்க்க நேர்ந்தால் உடன் யார் வர வேண்டும், அலுவலகத்துக்கு யார் தகவல் சொல்வது என்பவற்றையெல்லாம் உங்கள் தம்பியிடமே கேட்டு எழுதச் சொல்லுங்கள். இத்தகைய சின்னச் சின்ன விவரங்களே நெருக்கடி நேரத்தில் மருத்துவருக்கு அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. ஆவணத்தின் படியை மருத்துவரிடமும் கொடுத்து வையுங்கள். படி கைக்கு வராத நிலையில் அதைப் பின்பற்றாததற்கு மருத்துவர் பொறுப்பாக மாட்டார்.

திறன் இல்லாதபோது தம் சார்பில் பேசும் ‘நியமனப் பிரதிநிதி’யையும் அவரே தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ இட்டாலே போதும். அவர் உங்களைத் தேர்ந்தெடுக்காமல் ஒரு நண்பரின் பெயரை எழுதினால், தயவுசெய்து அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கு வரம்புகளும் உண்டு. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேரக்கூடிய அவசரச் சிகிச்சைக்கு இந்த ஆவணம் பொருந்தாது. மேலும், அதைப் பின்பற்ற இயலாது என்று மருத்துவரோ உறவினரோ கருதினால், இச்சட்டப்படி மாவட்டங்களுக்கென அமைக்கப்படும் மனநலச் சீராய்வு மன்றத்திடம் விண்ணப்பித்து, அதை மாற்றவோ நீக்கவோ கோரலாம். தாமாகவே ஒதுக்கிவைக்க முடியாது.

கேள்வி: வீட்டார் ஒருமுறை கையெழுத்திட்டுவிட்டால், அதன்பின் நோயாளியிடம் எதையும் கேட்க வேண்டியதில்லையா? என் மகளை ஒரு மருத்துவமனையில் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, ஆள் போதவில்லை என்றார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்தக் காரணம் சட்டப்படி செல்லாது. ஆள் பற்றாக்குறைக்காகவோ தண்டனையாகவோ ஒருவரைக் கட்டி வைக்கக் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் செய்யலாம். அப்படிக் கட்டிய ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்குத் தெரிவித்தாக வேண்டும். சங்கிலியால் பிணைப்பது எந்த நிலையிலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை அறிந்த நம் மாநிலத்துக்கு அந்தத் தடையின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

கையெழுத்தைப் பொறுத்தவரை, பல குடும்பங்கள் நினைப்பதுபோல் அது நோயாளியின் வாயை அடைக்கும் சீட்டு அன்று. பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் சேர்ப்பதற்கு, மனநல மருத்துவர் ஒருவரும் மற்றொரு மனநல வல்லுநர் அல்லது மருத்துவரும் தனித்தனியே பரிசோதித்து, அவர் தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையில் இருக்கிறார் அல்லது தம்மைப் பேணிக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் என்று முடிவுக்கு வர வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதற்கட்டம் 30 நாட்கள்தாம். அவருக்காகப் பிரதிநிதி தரும் ஒப்புதல் தற்காலிகமானது. அவர் தாமே ஒப்புதல் தரும் திறனை அடைந்துவிட்டாரா என்று ஏழு நாட்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். திறன் திரும்பியதும் முடிவு அவருடையது. விரும்பினால் தாமே முன்வந்து சேர்ந்தவராகச் சிகிச்சையைத் தொடரலாம்.

உங்கள் மகளைப் போன்ற பெண்களைச் சேர்த்தால் மூன்று நாட்களுக்குள்ளும், மற்ற வயதுவந்தோரைச் சேர்த்தால் ஏழு நாட்களுக்குள்ளும் சீராய்வு மன்றத்துக்கு மருத்துவமனை தெரிவிக்க வேண்டும். சேர்த்தது சரிதானா என்று ஆராயும்படி உங்கள் மகளே மன்றத்துக்கு எழுதலாம்; பிரதிநிதியும் எழுதலாம்.

கேள்வி: அந்த மன்றத்தில் இருப்பவர்களும் மருத்துவர்கள்தாமே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. மாவட்ட நீதிபதியோ, அதற்குத் தகுதியுள்ள நீதித்துறை அதிகாரியோ, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியோ தலைவர். மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், பொது மருத்துவர் ஒருவர் ஆகியோரோடு இரண்டு இடங்கள், மனநோய் கண்டவர்கள், அவர்களைப் பராமரிப்பவர்கள், அவர்களுக்கான அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் ஆகியோருக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நோயைத் தாமே கடந்து வந்த ஒருவர் அந்த நாற்காலியில் அமர்வது, அமைப்புகளின் பிரதிநிதிகள் அமர்வதைவிடப் பயன் மிக்கது என்று நான் கருதுகிறேன். உங்கள் மாவட்டத்துக்கான மன்றத்தில் அந்த இரு இடங்களிலும் யார் இருக்கிறார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநில மனநல ஆணையத்திடம் கேட்டுப் பெறலாம்.