கணினிக் கேள்வி-பதில்: ஆளுக்கொரு பெயர், வீட்டுக்கொரு முகவரி

கேள்வி: எங்கள் பயிற்சி நிலையத்தில் மூன்று பழைய சேர்வர்களை இணைத்து, அவற்றைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் ஒரே மேகமாக்கும் ஓபன்ஸ்டாக் மென்பொருளை நிறுவியிருக்கிறோம். 24 மாணவர்களும் ஒரே அட்மின் (நிர்வாகி) கணக்கில்தான் உள்ளே போகிறார்கள். போன வாரம் ஒரு பிள்ளை செய்து வைத்திருந்த மெய்நிகர் கணினியை (சேர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினியை) யாரோ அழித்துவிட்டார்கள். யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா, அக்கா?
வாசகர், ஹட்டன்

பதில்: இல்லை, தம்பி. பதிவுகளைத் திறந்தால் அழித்தவர் பெயர் ‘அட்மின்’ என்றே இருக்கும். எந்தக் கணினியிலிருந்து என்பது தெரிந்தாலும் யாருடைய கை என்பது தெரியாது. எந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். பிழை, கணக்குகளைக் கொடுத்த முறையில் இருக்கிறது.

என் அம்மா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். மாலையில் நிறுவை முடிந்து வந்ததும் அவர் முதலில் சொல்வது, இன்று முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழு நாள் சம்பளமா பாதியா என்பதைத்தான். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் அவருடைய வரியில் விழவேண்டிய பேர் பக்கத்து நிரைக்காரியின் வரியில் விழுந்தால் அந்த நாள் உழைப்பே இல்லாமல் போய்விடும். ஒருவருக்கு ஒரு வரி என்பதை நான் அவரிடம்தான் படித்தேன். சேர்வரிலும் அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஓபன்ஸ்டாக்கில் கணக்குகளைக் கவனிக்கும் பகுதிக்கு கீஸ்டோன் என்று பெயர். அதில் மூன்றைப் பிரித்துப் பாருங்கள். புரொஜெக்ட் என்பது மெய்நிகர் இயந்திரங்களும் வலையமைப்புகளும் சேர்ந்திருக்கும் இடம். பயனர் என்பது ஆள். ரோல் என்பது அந்த ஆளுக்கு அந்த இடத்தில் உள்ள உரிமை. நான்கு நான்கு பேராக ஆறு குழு பிரித்து ஆறு புரொஜெக்ட் திறங்கள். 24 பிள்ளைகளுக்கும் அவரவர் பெயரில் கணக்கு கொடுங்கள். பிறகு ஒவ்வொருவரையும் அவரவர் குழுவின் புரொஜெக்டில் ‘மெம்பர்’ ஆக்குங்கள். கணக்கை மட்டும் திறந்துவிட்டு இந்தக் கடைசிப் படியை மறந்தால், கடவுச்சொல் சரியாக இருந்தும் பிள்ளையால் ஒன்றும் செய்ய முடியாது. பார்வையிட வரும் ஆசிரியருக்கு ‘ரீடர்’ போதும்.

அட்மின் ரோல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொழும்பில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அவருடைய புரொஜெக்டுக்குள் மட்டும்தானே என்று நினைத்து ஒரு குழுத் தலைவருக்கு அதைக் கொடுத்தேன். அன்று மாலையே மற்றக் குழுக்களின் இயந்திரங்கள் எல்லாம் அவர் திரையில் தெரிந்தன. நிறுவியபடியே விட்ட ஓபன்ஸ்டாக்கில், ஒரு புரொஜெக்டில் கொடுக்கும் அட்மின் உரிமை முழு மேகத்துக்கும் செல்லும். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் அதைக் கொடுக்காதீர்கள். நீங்களும் அன்றாட வேலைக்கு உங்கள் பெயரில் ஒரு மெம்பர் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கோட்டா, அதாவது ஒரு புரொஜெக்ட் எடுக்கக்கூடிய உச்ச அளவு. மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு புரொஜெக்டும் 10 மெய்நிகர் கணினி, 20 செயலிக் கோர், 51,200 மெகாபைட் நினைவகம் வரை கேட்கலாம். ஆறு குழுவுக்கு அது 300 கிகாபைட். மூன்று பழைய சேர்வர்களில் அவ்வளவு எங்கே இருக்கப் போகிறது? முந்தி வந்த குழு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள, பிந்தி வந்த பிள்ளைகள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இருப்பதைக் கணக்கிட்டு முதல் நாளே பங்கிட்டு வையுங்கள்.

படிப்பு முடித்துப் போகும் மாணவரின் கணக்கை அழிக்காமல் முடக்கி வையுங்கள். அவர் செய்த இயந்திரங்கள் புரொஜெக்டுக்குச் சொந்தமானவை என்பதால் அங்கேயே இருக்கும். உள்ளே நுழைய உதவும் சாவிச்சோடி மட்டும் ஆளுக்குச் சொந்தம். போகுமுன் குழுவில் இன்னொருவரின் சாவியையும் இயந்திரத்தில் சேர்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓபன்ஸ்டாக்கில் நான் செய்த மெய்நிகர் கணினி ஓடுகிறது. 10.0.0.14 என்ற முகவரியும் கிடைத்திருக்கிறது. ஆனால் என் மடிக்கணினியிலிருந்து அதைத் தொட முடியவில்லை. எங்கே பிழை?
வாசகி, பண்டாரவளை

பதில்: தங்கச்சி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஐந்தாம் நம்பர் லயம் எந்தத் தோட்டத்தில் இல்லை? அந்த நம்பரை மட்டும் எழுதிப் போட்ட கடிதம் எங்கும் போய்ச் சேராது. தோட்டத்து ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது கிடைத்தால் உண்டு. அப்படித் தாமதமாகக் கைக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். சொந்த முகவரி இல்லாததன் வலி எனக்குத் தெரியும்.

10 என்று தொடங்கும் முகவரியும் லயத்து நம்பர் மாதிரிதான். 172.16 முதல் 172.31 வரையும், 192.168 என்று தொடங்குபவையும் அதே வகை. உள்ளே மட்டும் செல்லும், இணையத்தில் செல்லாது. இரண்டு புரொஜெக்டுகள் ஒரே 10.0.0 வரிசையை வைத்துக்கொண்டாலும் மோதாது. உங்கள் உள்வலையமைப்புக்கு ஒரு ரவுட்டர் உருவாக்கி, அதை அட்மின் அமைத்துத் தந்த வெளிவலையமைப்புடன் இணைக்க வேண்டும். அப்போது உள்ளேயிருந்து வெளியே போகலாம். வெளியேயிருந்து உள்ளே வர, அந்த இயந்திரத்துக்கென்று வெளிவலையமைப்பிலிருந்து மிதக்கும் ஐபி என்ற ஒரு முகவரி வாங்கி ஒட்ட வேண்டும். அதுதான் அதன் வீட்டு முகவரி.

இந்த மிதக்கும் முகவரிகள் அலுவலக ரவுட்டர் கைத்தொலைபேசிகளுக்கும் கணினிகளுக்கும் பங்கிடும் எண்களுக்குள் வந்துவிடக் கூடாது. அந்த ரவுட்டரில் ஒரு முப்பது எண்களை முன்பே ஒதுக்கி எடுத்துவிட்டு, அவற்றை மட்டும் மேகத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரே முகவரிக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள். சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. இந்த வகைப் பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

எல்லாம் செய்தும் பதில் வராவிட்டால் செக்யூரிட்டி குரூப் என்ற காவல் விதிகளைப் பாருங்கள். தொடக்கத்தில் அது வெளியே போவதை எல்லாம் விடும், வெளியிலிருந்து வருவதை எல்லாம் தடுக்கும். இயந்திரம் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங்குக்கு ஐசிஎம்பி என்ற செய்தி வகையையும், உள்நுழைய 22ஆம் போர்ட் என்ற வாசலையும் திறக்க வேண்டும். 22ஐ உலகம் முழுவதற்கும் திறக்காதீர்கள். உங்கள் நிலையத்தின் முகவரி வரிசைக்கு மட்டும் போதும்.

கேள்வி: மூன்று பழைய சேர்வர்களில் ஓடும் எங்கள் ஓபன்ஸ்டாக்கில், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் யாராலும் உள்நுழைய முடிவதில்லை. மீள நிறுவ வேண்டுமா?
வாசகர், மஸ்கெலியா

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் மூன்று சேர்வர்களிலும் நேரத்தைப் பாருங்கள். கீஸ்டோன் தரும் அனுமதிச்சீட்டு பொதுவாக ஒரு மணி நேரம்தான் செல்லும். ஒரு சேர்வரின் கடிகாரம் பின்தங்கி நின்றால், அது தரும் சீட்டு மற்றச் சேர்வர்களில் ஏற்கெனவே காலாவதியாகியிருக்கும். மூன்றிலும் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி நிறுவி, இரண்டை முதலாவதிலிருந்து நேரம் எடுக்கச் செய்யுங்கள். முதலாவதின் குரோனி அமைப்பில் ‘local’ வரியையும் சேர்த்தால், இணைய இணைப்பு வரப் பிந்தினாலும் மூன்றும் ஒரே நேரத்தைக் காட்டும். பிறகு சேர்வரைத் திறந்து மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைக்கும், தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ பற்றரியை மாற்றுங்கள். பழைய சேர்வர்களில் பெரும்பாலும் செத்துப் போயிருப்பது அதுதான்.