உலை வேறு, கிணறு ஒன்று: பகிர்வு வீடுகள் திருகோணமலைக்குப் பொருந்துமா?

தனி வீட்டுக்கு வாடகை கொடுக்க இயலாதவர்கள், படுக்கையறையை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டு குசினி, கூடம், முற்றம் ஆகியவற்றைப் பிறருடன் பகிரும் மாடிவீடுகள் நம்முடைய நகரங்களுக்குத் தீர்வாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும் என்றே நினைக்கிறேன். ஆனால் மலசலகூடத்தையும் ஒரு சிறு அடுப்பையும் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கொடுக்காத பகிர்வு வீடு எதுவும் நெடுநாள் நிம்மதியாக இருக்காது. மட்டக்களப்பிலிருந்து வேலைக்காகத் திருகோணமலைக்கு வந்து, ஆறு ஆண்டுகள் போடிங்கில் இருந்து, இப்போது வீட்டுப்படம் வரைவதைத் தொழிலாகக் கொண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்த நகரம் ஒரு புறம் திறந்த கடலும் மறுபுறம் உட்துறைமுகமும் நெருக்க, நடுவில் ஒடுங்கிக் கிடப்பது. அந்த ஒடுங்கிய நிலத்திலும் கணிசமான பகுதி கோட்டை, கடற்படைத்தளம், துறைமுகம் என்று அரசின் கையில் இருக்கிறது. மாகாண சபை அலுவலகங்களுக்கும் பொது வைத்தியசாலைக்கும் கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்துக்கும் சீனன்குடா ஆலைகளுக்கும் வெளியூரிலிருந்து வருபவர்கள் எல்லோரும் மிச்சமுள்ள நிலத்தில்தான் அறை தேடுகிறார்கள். உப்புவெளிப் பக்கம் போனால், மாத வாடகைக்கு விடுவதைவிட உல்லாசப் பயணிகளுக்கு இரவுக் கணக்கில் விடுவது வீட்டுக்காரருக்கு இலாபம். இந்நிலையில் ஓர் எழுதுவினைஞரோ தாதியோ தனி வீடு எடுப்பது என்பது சம்பளத்தின் பெரும்பகுதியை அப்படியே எடுத்து வைப்பதாகும்.

நான் இருந்த போடிங்கில் மூன்று அறைகள், எட்டுப் பெண்கள், ஒரு குசினி, ஒரே ஒரு குளியலறை. அதே குளியலறைக்குள்தான் மலசலகூடமும் இருந்தது. காலை ஆறு மணிக்கு அந்தக் கதவின் முன் நிற்கும் வரிசையை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் பதறும். எங்களுக்குள் பகை எதுவும் இருந்ததில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்கள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தோம். ஆயினும் அந்தக் கதவு ஒன்றே ஒவ்வொரு நாளையும் சச்சரவோடு தொடக்கி வைத்தது. குசினியில் சிக்கல் வேறு விதமானது. இருவர் வெள்ளிக்கிழமையும் விரத நாட்களிலும் மச்சம் தொடமாட்டார்கள். மூதூரிலிருந்து வந்த முஸ்லிம் தங்கை ஒருத்திக்கு ஹலால் அல்லாத இறைச்சி சமைத்த சட்டியில் கை வைக்க முடியாது. எனக்கோ மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஒரே அடுப்பு, ஒரே கழுவுதொட்டி, ஒரே தட்டு என்று கட்டப்பட்ட குசினி இந்த வேறுபாடுகளைத் தாங்காது. அங்கே இரண்டாவது கழுவுதொட்டியும் தனி அடுக்குப் பெட்டிகளும் மட்டும் இருந்திருந்தால் எங்கள் மனத்தாங்கல்களில் பாதி எழுந்திருக்கவே மாட்டா என்பது, படம் வரையக் கற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பிற நாடுகள் இதே பாடத்தைக் கட்டடங்களாகக் கட்டிப் பார்த்திருக்கின்றன. 1935ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோம் நகரில் கட்டடக்கலைஞர் ஸ்வென் மார்க்கேலியுஸ் வடிவமைத்த கூட்டுக்குடியிருப்பில் கீழ்த்தளத்துச் சமையல்கூடத்திலிருந்து சிறிய உணவுத்தூக்கிகள் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் சாப்பாடு ஏறியது. வேலைக்குப் போகும் பெண்களைச் சமையலிலிருந்து விடுவிப்பதே அதன் நோக்கம். நோக்கம் மிக உயர்ந்தது, ஆனால் அந்தத் தூக்கிகள் இன்று பயன்பாட்டில் இல்லை. 1972இல் டென்மார்க்கில் குடியேறப்பட்ட சேட்டடாமென் வேறு வழியில் சென்றது: ஒவ்வொரு குடும்பத்துக்கும் குசினியோடு கூடிய முழு வீடு, அதன்மேல் எல்லோரும் சேர்ந்து உண்ணவும் கூடவும் ஒரு பொது வீடு. சேர்ந்து உண்பது அங்கே விருப்பம், கட்டாயம் அன்று. 2014இல் சூரிச் நகரில் டிராம் வண்டிகளின் தரிப்பிடத்துக்கு மேலே கட்டப்பட்ட கல்க்பிறைற்ற கூட்டுறவுக் குடியிருப்பில் இவ்விரண்டுக்கும் நடுவான அமைப்பொன்று இருக்கிறது. சிறு குளியலறையும் தேநீர் வைக்குமளவு குசினி மூலையும் உள்ள தனி அலகுகள் பல சேர்ந்து ஒரு பெரிய குசினியையும் கூடத்தையும் பகிர்கின்றன. நமக்கு ஏற்றது இந்த மூன்றாவது அமைப்பே என்பது என் கருத்து.

இதைச் சொன்னவுடன் "மறுபடியும் லயமா?" என்று, தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளை நினைத்துக் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். மலையகத்து லயன் அறைகளிலும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் நம் கடற்கரையோரத்துத் தற்காலிகக் கொட்டில்களிலும் மக்கள் தண்ணீர்க் குழாயையும் மலசலகூடத்தையும் பகிர்ந்தது அவர்களின் விருப்பத்தால் அன்று. பூட்டில்லாத கதவும் வெளிச்சமில்லாத பாதையும் பெண்களுக்கு என்ன செய்தன என்பதை அங்கே இருந்தவர்களிடம் கேட்க வேண்டும். ஆனால் பகிர்வு என்பதற்கு நம்மிடம் இன்னொரு முன்மாதிரியும் இருக்கிறது. கிழக்கில் மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவின் பின்பக்கம் ஒரு பத்தியை இறக்கி ஒதுங்குவார்கள். அக்காவின் வீடும் தங்கையின் வீடும் ஒரே முற்றத்தைப் பார்த்திருக்கும். கிணற்றடி ஒன்று, மா இடிக்கும் இடம் ஒன்று, பிள்ளைகள் விளையாடும் மணல் ஒன்று. உலை மட்டும் வேறு வேறு. பகிர வேண்டியது எது, கூடாதது எது என்பதை அந்த வளவுகள் படம் எதுவும் வரையாமலே தீர்த்து வைத்திருந்தன.

கணக்குக்கு வருகிறேன். ஆறு பேருக்குத் தலா 450 சதுர அடியில் ஆறு தனி வீடுகள் கட்டினால் 2,700 சதுர அடி. அதே ஆறு பேருக்குக் குளியலறையும் சிறு அடுப்புத்தட்டும் உட்பட 200 சதுர அடி அலகு ஆறும், 600 சதுர அடிப் பொதுப்பகுதியும் கட்டினால் 1,800 சதுர அடி. பரப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. செலவு அதே அளவுக்குக் குறையாது. ஏனெனில் குளியலறைகளின் எண்ணிக்கை குறையவில்லை, வீட்டில் அதிக விலைபோகும் பகுதி அதுதான். ஆகவே குளியலறைகளை முதுகோடு முதுகாக வைத்து, மேல்தளத்தவை கீழ்த்தளத்தவற்றுக்கு நேர் மேலே வருமாறு அமைத்துக் குழாய்களை இரண்டு நிரல்களுக்குள் அடக்க வேண்டும். உள்நடை வைக்காமல் அகலமான விறாந்தையையே நடைபாதையாக்கினால் கடற்காற்றும் வரும், கச்சான் என்னும் வெப்பக்காற்று வீசும் மாதங்களில் சுவரும் சுடாது. விறாந்தைப் பக்கத்து யன்னல்களின் அடிவிளிம்பு நடந்து போகிறவரின் கண்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். மீன் வெட்டுவதற்குக் கூரையிட்ட பின்பத்தி வெளியே வேண்டும்; உள்ளே வைத்தால் வாடை எல்லோர் துணியிலும் ஏறும்.

படத்தால் தீராத இரண்டு விடயங்கள் உள்ளன. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. அலகு கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும். எட்டுப் பேர் தனித்தனி மானிகளில் மாதம் தலா 30 அலகு மின்சாரம் பயன்படுத்தினால் அடிப்படியில் நிற்பார்கள். அதே எட்டுப் பேர் ஒரே மானியில் பயன்படுத்தினால் 240 அலகு, அதாவது 180க்கு மேற்பட்ட உச்சப்படி. சேர்ந்து வாழ்ந்து சிக்கனம் செய்தவர்கள் இப்படித் தண்டிக்கப்படுவது எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது. மற்றது உரிமை. இலண்டனில் 2016இல் 546 அறைகளோடு திறக்கப்பட்ட ஓல்ட் ஓக் பகிர்வுக் கட்டடம் உலகமெங்கும் பேசப்பட்டது; அதை நடத்திய நிறுவனம் 2021இல் கடனைத் தீர்க்க முடியாமல் நிர்வாகிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டது. இடத்தைச் சுருக்கிச் சேமித்த பணம் குடியிருப்பவருக்குப் போகிறதா, உடைமையாளருக்குப் போகிறதா என்பதைக் கட்டடம் தானாகத் தீர்மானிப்பதில்லை. சூரிச்சில் அது கூட்டுறவு. வாடகை செலவை ஒட்டியே நிற்கிறது. நம்மிடமும் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைவில்லை, வீடமைப்பின் பக்கம் அவை திரும்ப வேண்டும்.

இப்போது பாலையூற்றில் 12 பேர்ச் காணியுள்ள, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்காக இத்தகைய படமொன்றை வரைந்துகொண்டிருக்கிறேன். கீழே மூன்று அலகு, மேலே மூன்று. நடுவில் ஏற்கெனவே உள்ள கிணறும் வேம்பும் அப்படியே இருக்கும். மலக்குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தொலைவுக்கு நகர்த்தலாம் என்பதில்தான் படம் மூன்று முறை மாறியது. கீழ்த்தள அலகொன்றில் தாமே குடியிருக்கப் போவதாகவும், பொதுக்குசினியில் இரண்டு கழுவுதொட்டிகள் கட்டாயம் வேண்டும் என்றும் அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.