விளக்குக்கு வந்தது அந்துப்பூச்சியா?

கேள்வி: குற்றாலம் பக்கம், காட்டோர வீடு எங்களுடையது. இருட்டும் நேரத்தில் உள்ளங்கை அகலப் பழுப்புப் பூச்சி ஒன்று விளக்கைச் சுற்றுகிறது. ஐப்பசியில் வந்தவற்றின் சிறகடியில் கண் மாதிரி வட்டங்கள் இருந்தன. மாசியில் வந்தவற்றில் அவை இல்லை. இரண்டும் வேறு வேறு இனமா? பிடித்து வளர்க்கலாமா?

பதில்: ஒரே இனம்தான். அந்துப்பூச்சியும் அல்ல, காமன் ஈவினிங் பிரவுன் என்கிற வண்ணத்துப்பூச்சி. உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள், லேசாகத் தடித்திருக்கும். உட்கார்ந்ததும் சிறகுகளை முதுகுக்கு மேலே சேர்த்து மூடிக்கொள்ளும். முன்சிறகின் மேற்புறத்தில், நுனியருகே, இரண்டு வெள்ளைப் புள்ளிகள் கொண்ட கரும்பொட்டு இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் டார்க் ஈவினிங் பிரவுன் என்ற நெருங்கிய உறவும் உண்டு. சிறகு மூடிய படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முயல வேண்டாம், ஏமாந்துபோவீர்கள்.

நீங்கள் கண்டது மழைக்கால உருவமும் வறட்சிக்கால உருவமும். எந்த உருவம் வரும் என்பதில் புழுப் பருவத்து வெப்பநிலைக்குப் பெரிய பங்கு உண்டு. ஈரமான நாட்களில் சிறகோரக் கண்கள் எதிரியின் கடியை உடலிலிருந்து விலக்கும். சிறகு கிழிந்தாலும் உயிர் தப்பும். கோடையில் சருகோடு சருகாக அசையாமல் கிடப்பதே பாதுகாப்பு. அப்போது கண்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

வளர்க்க, பூச்சியைப் பிடிப்பதைவிடப் புல்லிலோ நெல்லிலோ புழுவைத் தேடுங்கள். பச்சை உடல், தலையில் இரு கொம்பு, வாலில் இரு கூர்நுனி. நெல்லில் கொம்புப்புழு என்பது இதுதான். முட்டை பொரிய 3, 4 நாள். புழுப் பருவம் சுமார் 3 வாரம். கூட்டுப்புழுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல்.

பலரும் தவறுவது புல்லில்தான். அறுத்த புல் விரைவில் சுருண்டுவிடும், புழு பட்டினி கிடக்கும். வேரோடு பெயர்த்துத் தொட்டியில் நட்டு, கொசுவலையால் மூடுங்கள். மருந்தடித்த வயல் புல் ஆகாது. மூடிய பாட்டிலும் வேண்டாம். எச்சமும் ஈரமும் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். புழு தலைகீழாகத் தொங்கி வளைந்ததும் தொட்டியை அசைக்காதீர்கள். கூடு கீழே விழுந்துவிட்டால் வால்நுனிப் பட்டிழையை நூலில் ஒட்டித் தொங்கவிடுங்கள், கீழே 10 செ.மீ. இடைவெளி இருக்கட்டும், தொங்கினால்தான் சிறகு சரியாக விரியும். கூட்டில் சிறு துளை விழுந்து குட்டிக் குளவிகள் வந்தால் தவறு உங்களுடையதல்ல, ஒட்டுண்ணி முன்பே முட்டையிட்டிருக்கும்.

வெளிவந்த பூச்சிக்குப் பூவைவிட அழுகிய வாழைப்பழம் பிடிக்கும். சிறகு காய்ந்தபின், அந்தி நேரமாகப் பார்த்து விடுங்கள்.